செடிக்கு ஒரு குளிர்காலம்

முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். குளிர்நாட்டுச் செடி நம் ஊரில் ஏன் வளராது என்று பரீட்சையில் கேட்டு, சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு முழு மார்க் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இப்போது யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில், என் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற ஐந்தடி இடத்தில், கொரியாவிலிருந்து வந்த ஒரு புதர்ச்செடியை வளர்க்கப் பாடுபடுகிறேன். பழைய மாணவர்கள் யாராவது வந்து பார்த்தால் என் சிவப்பு மைப் பேனாவை என்னிடமே நீட்டுவார்கள்.

எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. என் மகள் கொரியாவுக்கு வேலைக்குப் போன முதல் வருஷம், மாசிக் கடைசி. அவள் பத்தாவது படிக்கும்போதே அவளுடைய அப்பா போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போன பிறகு நான் ஒருத்தி. அங்கே பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை, பக்கத்திலேயே விடுதி. அன்று காலை ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். விடுதி வாசலில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு மரமோ புதரோ, குச்சி தெரியாமல் மஞ்சளாகப் பூத்திருந்தது. மதில் ஓரத்தில் அழுக்குப் பனி கொஞ்சம் கரையாமல் கிடந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அம்மா, இங்கேயும் படாவ் பூத்திருக்கு."

படாவ் என்றால் யாங்கோனில் எல்லோருக்கும் தெரியும். நம்முடைய வேங்கை ஜாதி மரம். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் ஒரே நாளில் ஊர் முழுக்க மஞ்சளாகப் பூத்து, மறுநாளே உதிர்ந்துவிடும். அந்த ஒரு நாளில் பெண்கள் எல்லோரும் கொத்துக் கொத்தாகத் தலையில் செருகிக்கொள்வார்கள். திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு அதுதான் பூ. சின்ன வயதில் என் மகள் இரண்டு காதிலும் படாவ் செருகிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி வீட்டுக்கு வருவாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடனே போன் செய்தேன்.

"இது படாவ் இல்லடி. படாவ்ல இலை இருக்கும். இதுல ஒத்த இலை இல்ல பாரு."

அவள் சொன்னாள்: "தெரியும்மா. கிட்டப் போய்ப் பாத்துட்டேன். தூரத்துலேருந்து படாவ்னு நெனச்சு ஓடுனேன்."

அவள் குரல் உடைந்திருந்தது. பிள்ளை ஊர் நினைப்பில் ஓடிப் போய்ப் பார்த்து ஏமாந்து நிற்கிறாள், நான் விடைத்தாள் திருத்துகிறேன். இன்று வரை அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு நாளில் விடுதிக் காவல்கார அம்மாளிடம் கேட்டுப் பெயரைத் தெரிந்துகொண்டு சொன்னாள். கொரியர்கள் அதை ஸான்சூயு என்கிறார்களாம். நான் தேடிப் படித்தேன். டாக்வுட் குடும்பம். நாய்மரம். நாய்க்கும் அதற்கும் என்ன உறவோ, எந்த வெள்ளைக்காரன் வைத்த பெயரோ. குளிர் முழுதாக விலகும் முன்பே, இலை வருவதற்கும் முன்பே, வெறும் குச்சியில் பூத்துவிடும். மற்ற மரங்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் முந்திக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் களாக்காய் அளவுக்குச் சிவப்புப் பழம் காய்க்கும். காயவைத்துக் கஷாயம் போடுவார்களாம்.

"நம்ம வீட்லயும் ஒண்ணு வைங்கம்மா. அது பூத்ததும் சொல்லுங்க, நான் வந்து பாக்குறேன்" என்றாள் மகள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அதை அப்படி எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. இந்த மாதம் வருகிறேன், அந்த வருஷம் வருகிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வாயிலிருந்து வந்த ஒரே தவணை இந்தப் பூதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

விதை மறு வருஷம் வந்தது. மகளோடு ஒரே அறையில் இருந்த பெண் ஒருத்திக்கு கியாக்தான் ஊர். அவள் ஒரு மாத லீவில் வந்தபோது, முகத்துக்குப் போடுகிற கிரீம் டப்பாவைக் கழுவி, அதில் பன்னிரண்டு விதை போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள் மகள். வாங்கிவரப் பஸ் ஏறிப் போனேன். ஆற்றுக்குள் இருக்கிற புத்தர் கோயிலுக்குப் படகு புறப்படும் துறைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, மகளைப் பற்றி நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சாப்பிடுகிறாளா, மெலிந்துவிட்டாளா, அழுகிறாளா. என் வீட்டு மண் செங்கல் தூள்தான் என்று சொன்னதும் அவர்கள் வேலியோரத்து மண்ணை ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணால் அதன் பிறகு கொரியாவுக்குத் திரும்பிப் போக முடியவில்லை. நாட்டை விட்டுப் போக ஏதோ ஒரு அனுமதிப் பேப்பர் வர வேண்டும் என்றார்கள் ஆபீஸில், அடுத்த மாதம் என்றார்கள், அப்புறம் கேட்கவே வேண்டாம் என்றார்கள். இப்போது அதே ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலம் கட்டுகிறாள். நான் அவ்வப்போது போன் செய்வேன். குறைப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கும்.

விதைக்கு வருகிறேன். அது கல் மாதிரி இருந்தது. நாலு மாதம் ஈரமணலில் சூட்டில் இருக்க வேண்டும், அதன் பிறகு நாலு மாதம் குளிரில் இருக்க வேண்டும், அப்போதுதான் தனக்கு ஒரு குளிர்காலம் கழிந்தது என்று நம்பி முளைக்கும் என்று படித்தேன். சூட்டுக்கு யாங்கோனில் பஞ்சமே இல்லை. குளிருக்கு என்னிடம் இருந்தது ஒரு பழைய ஃபிரிஜ். அதற்கு மின்சாரம் வேண்டுமே. நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் வராது. மின்சாரம் வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பி!" என்று கூவுவார்கள், விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம். மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டரைப் போட ஓடுவார்கள். நான் ஃபிரிஜ்ஜுக்கு ஓடுவேன். மின்சாரம் போனதும் மணல் டப்பாவை எடுத்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்குள் வைப்பேன். வந்ததும் திரும்ப ஃபிரிஜ்ஜுக்குள். நாலு மாதம் இப்படிக் கைக்குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி தூக்கி வைத்தேன். இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

நாலு விதை அழுகிப்போனது. மிச்சத்தை எட்டுத் தொட்டியில் கியாக்தான் மண்ணை நிரப்பி நட்டேன். ஆறு தொட்டி அப்படியே கிடந்தது. இரண்டில் மட்டும் ஒவ்வொரு முளை. ஒன்று கொழுகொழுவென்று, மற்றது சீக்குக்காரன் மாதிரி. எது நாய்மரம், எது களை? டாக்வுட்டுக்கு இலை எதிரெதிராக ஜோடியாக வரும். இரண்டுக்கும் அப்படித்தான் வந்தது. இலை நரம்பு ஓரத்தை ஒட்டி வளைந்து நுனியை நோக்கிப் போகும். இரண்டுக்கும் வளைந்துதான் போனது. போனில் போட்டோ பிடித்து, செடியின் பெயர் சொல்கிற ஆப்பிடம் கேட்டேன். ஒருநாள் லவங்கப்பட்டை என்றது, மறுநாள் இலந்தை என்றது. அப்புறம் நானும் கேட்கவில்லை.

சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழி எழுதியிருந்தது. டாக்வுட் இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்தால் கீழ்ப்பாதி விழாது. நரம்பிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் இழுபட்டு, அதில் தொங்கிக்கொண்டு நிற்கும். வேறு செடிகளில் இப்படி வருவது அபூர்வம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் இரண்டிலும் ஆறேழு இலைகூட இல்லை. பச்சைப் பிள்ளையைக் கிள்ளுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். இரண்டையும் கிழித்துப் பார்த்து இரண்டிலும் நூல் வராவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்தேன். கொழுத்த செடியை வாசல் நிழலில் வைத்தேன். சாமி படத்துக்கு அடுத்த கவனிப்பு அதற்குத்தான். இளைத்ததைப் பின்னால், தண்ணீர் மோட்டர் பக்கத்தில், உடைந்த வாளிக்கு அருகே தள்ளினேன். வகுப்பில் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியதும் இப்படித்தான் இருக்கும். ஞாயிறுதோறும் மகள் போன் செய்யும்போது வாசல் செடியைக் காட்டுவேன். பின்னால் கிடந்ததை அவள் பார்த்ததே இல்லை.

ஞாயிறு என்று சொன்னேன் அல்லவா. மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காக ஓடும். தெருவில் முன்பு நாலு தமிழ்க் குடும்பம் இருந்தது. இரண்டு வீடு மலேசியாவுக்குப் போய்விட்டது, ஒரு வீடு பிள்ளைகளோடு எங்கேயோ. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் வயதான சிலரைப் பார்ப்பேன். மற்றபடி கடையில், பஸ்ஸில், தெருவில் எல்லாம் பர்மியம்தான். அதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை, அதிலேயே பாடம் நடத்தியவள்தானே. ஆனால் சில நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால், அன்று நான் தமிழில் பேசியது சாமியிடமும் செடியிடமும் மட்டும்தான் என்று தெரியும். பால் டின்னால் அரை டின் அரிசி அளந்து போட்டால் இரண்டு வேளைக்கு வந்துவிடுகிறது. மகள் இருந்தபோது இரண்டு டின் போடுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியப் பெண்மணி. காலையில் தெருமுனையில் ஒட்டரிசிச் சோறும் பயறும் அவித்து விற்கிறவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் நான் அமாஜி என்பேன், பெரியக்கா என்று அர்த்தம். அவருக்கும் மற்ற எல்லோருக்கும் நான் சயாமா, டீச்சரம்மா. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் செடியை விமர்சிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்த விமர்சனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கார்த்திகை முடிந்து கொஞ்சம் குளிர் விழுந்ததும் நான் செடிக்கு ஐஸ் போட ஆரம்பித்தேன். குளிர் பட்டு, இலை உதிர்ந்து, தூங்கி எழுந்தால்தான் அது பூக்கும். யாங்கோனின் மார்கழி அதற்குப் பத்தாது. டீக்கடைக்கு ஐஸ் கொண்டுபோகிற சைக்காக்காரர், அதுதான் பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் வண்டி, தினமும் காலை ஏழு மணிக்கு என் வாசலில் ஒரு கட்டி இறக்குவார். அதை உடைத்துச் சாக்கில் கட்டித் தொட்டியைச் சுற்றி வைப்பேன். பத்து மணிக்கெல்லாம் தண்ணீராகி வாசல் வரை ஓடும்.

"சயாமா, அதுக்கு ஜலதோஷம் பிடிக்கப்போவுது" என்பார் அமாஜி.

"உங்க வேலையப் பாருங்க அமாஜி" என்பேன்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. விதைச்செடி பூக்க ஏழெட்டு வருஷம்கூட ஆகலாம் என்று படித்திருந்தேன். படித்ததை எல்லாம் நம்பினால் நான் இந்த வேலையிலேயே இறங்கியிருக்க மாட்டேன். இந்த மார்கழியில் ஒருநாள் காலை ஐஸ் போடக் குனிந்தபோது, வாசல் செடியின் நுனியில் மொட்டைப் பார்த்தேன். ஒன்று இல்லை, மூன்று. சாக்கைக் கீழே போட்டுவிட்டேன்.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் அன்றே மகளுக்குச் சொன்னேன். அவள் கத்தின கத்தலில் போன் கரகரத்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நான் ஒங்களுக்குச் சொல்லல. சித்திரையோட என் கான்ட்ராக்ட் முடியுது. கம்பெனில நீட்டிக்கிறோம்ங்குறாங்க. தை முடியறதுக்குள்ள பதில் சொல்லணும். நான் என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்தேன். இப்ப பூவே வந்துருச்சு. வந்துரட்டாம்மா?"

"வாடி" என்று சொல்லவில்லை. "பூக்கட்டும், பாப்போம்" என்றேன். ஆனால் போனை வைத்ததும் அவள் அறைத் திரைச்சீலையைக் கழற்றி ஊறவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அலமாரியில் அவளுடைய பழைய தமேய்ன் ஒன்று கிடந்தது, பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி. அதை எடுத்து மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தேன். எனக்கு என் பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது.

தை பிறந்து நாலாம் நாள் மொட்டு விரிந்தது. கத்தரிப்பூ நிறத்தில்.

அகலமான ஐந்து இதழ், நடுவே மஞ்சள் மகரந்தம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் எங்கே, இது எங்கே. போட்டோ எடுத்து கியாக்தான் பெண்ணுக்கு அனுப்பினேன். அரை மணியில் போன் செய்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சயாமா, இது எங்க வேலியோரத்துச் செடி! பழத்தத் தின்னா நாக்கெல்லாம் கறுத்துரும். நாங்க சின்னப் பிள்ளையில தின்னுட்டு அடி வாங்குவோம். மண்ணோட வந்துருக்கு."

கியாக்தான் களைக்கு மூன்று குளிர்காலமாக ஐஸ் போட்டிருக்கிறேன். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வாசலைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் மகள் திரும்பி வரலாம் என்று யோசிக்கிறாள் என்று நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "வர வேண்டாம்னு சொல்லுங்க சயாமா. நானும் ஒரு மாசம்னுதான் வந்தேன்" என்றாள். கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் மகளிடம் பூவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இன்னும் விரியவில்லை என்று மழுப்பினேன்.

அந்த ஞாயிறு கழித்து இரண்டாம் நாள் மதியம் அமாஜி ஒரு தட்டோடு வந்தார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டின் நடுவே கிண்ணத்தில் ஙப்பிச் சாறு, மீனை உப்பில் ஊறவைத்துச் செய்கிற அந்தக் காரச் சாறு. சுற்றிலும் அதில் தொட்டுத் தின்ன வெள்ளரி, கத்தரிப்பிஞ்சு, பச்சைக் கொழுந்துகள். இந்த ஊரில் எந்தச் செடியில் கொழுந்து துளிர்த்தாலும் அது ஙப்பியில் தொட்டுத் தின்ன ஆகுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வேம்புக் கொழுந்து, மாங்கொழுந்து, பெயர் தெரியாத கொழுந்து எல்லாமே தட்டுக்கு வரும்.

ஒரு கொழுந்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜோடி ஜோடியான இலை.

"இத எங்க பறிச்சீங்க?"

"உங்க தண்ணி மோட்டர்கிட்டதான். உடஞ்ச வாளி பக்கத்துல ஒரு களை கிடக்கே. நல்லா துளிர்விட்டிருந்துச்சு, வீணாப் போகுதேன்னு..."

"ஒரு பச்சையயும் விட்டுவைக்க மாட்டீங்களா? எதப் பாத்தாலும் ஙப்பிதானா? கேட்டுப் பறிக்கணும்னு தோணலியா?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். நான் அதைக் களை என்று எத்தனை தடவை அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவர் தலையில் விழுந்தது.

அமாஜிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்களே வச்சுக்குங்க உங்க களைய. ஒரே துவர்ப்பு. கிள்ளும்போதே சிலந்தி நூல் மாதிரி நூல் நூலா இழுக்குது. ஒண்ணு பல்லுல மாட்டிக்கிட்டு இன்னும் வரல" என்றார்.

நான் திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

கொழுந்தெல்லாம் போய் மூன்று குச்சியும் அடியில் எட்டு முற்றின இலையும் மிச்சம் இருந்தது. ஓர் இலையைப் பறித்தேன். இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்ததை அப்போது யோசிக்காமல் செய்தேன். குறுக்கே மெல்லக் கிழித்து இழுத்தேன். இலை இரண்டானது. கீழ்ப்பாதி விழவில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஐந்தாறு வெள்ளை நூல், அதில் அந்தப் பாதி இலை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

என் மகள் கொடுத்தனுப்பிய விதை, வெயிலிலும் மோட்டர்த் தண்ணீரிலும், யாரும் கவனிக்காமல் தானாகவே வளர்ந்திருக்கிறது.

"அழாதீங்க சயாமா. கிள்ளினா இன்னும் நல்லா துளிர்க்கும்" என்றார் பின்னால் வந்து நின்ற அமாஜி. நான் இலைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அன்றே செடியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஐஸும் இடம் மாறியது. பத்து நாள் தினமும் போட்டேன். பதினோராம் நாள் காலை, அடியிலிருந்த இரண்டு இலை ஓரத்தில் சிவந்திருந்தது. மறுநாள் ஒன்று உதிர்ந்து தொட்டிக்குள் கிடந்தது. குளிரை நம்ப ஆரம்பித்துவிட்டால் அப்படித்தான் செய்யும் என்று படித்திருக்கிறேன். இலை சிவக்கும், உதிரும், தூங்கும், அப்புறம் ஒருநாள் பூக்கும். சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷமும் வந்தது. அதன் பின்னாலேயே கியாக்தான் பெண்ணின் குரலும் வந்தது.

தை கடைசி ஞாயிறு. மகள் முகம் கழுவிப் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நாளைக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். பூ விரிஞ்சுருச்சா?"

கத்தரிப்பூக் கதையைச் சொன்னேன். கறுத்த நாக்கு, ஐஸ், ஙப்பித் தட்டு எல்லாம் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி எங்கம்மா, அவங்களக் கூப்பிடுங்க" என்றாள். நூல் விட்ட இலையின் போட்டோவைக் காட்டினேன். சிரிப்பு அடங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுதான் நெஜமானது. இது பூக்குமாம்மா?"

அவளுக்குப் பின்னால் சுவரில் அவளுடைய குளிர்கோட்டு தொங்கியது. மேஜையில் சோறு பொங்குகிற சின்னக் குக்கர். ஒருத்திக்குச் சமைக்கிற குக்கர். வா, வந்துவிடு, திரைச்சீலை துவைத்து மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால் போதும், சித்திரையில் இந்த வாசலில் நிற்பாள். அதன் பிறகு? பேப்பர், அடுத்த மாதம், அப்புறம் எங்கேயாவது ஒரு கடையில் ஊறுகாய்ப் பொட்டலம். குறைப்பட்டு ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அதுவும் தெரியும். வராதே என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பூக்காது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"இப்போதைக்குப் பூக்காது. இங்க குளிர் பத்தாதும்மா. நான் நல்லாப் படிச்சுப் பாத்துட்டேன்" என்றேன். டீச்சர் குரலில் சொன்னேன், தடுமாறாமல்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப கையெழுத்துப் போட்டுரட்டா?"

"போடு."

"நீங்க தனியா இருப்பீங்களே."

"எனக்கென்னடி. அமாஜி இருக்காங்க, சண்ட போட."

போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்: "ஐஸ மட்டும் நிறுத்திராதீங்கம்மா. என்னைக்காவது பூக்கும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு சைக்காக்காரர் வழக்கம்போல் கட்டியை இறக்கக் குனிந்தார். இனி வேண்டாம் என்றேன். செடி செத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. அமாஜி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பயமாகிவிட்டது. ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வருஷம் அது நிஜமாகவே பூத்துவிட்டால்? அதை என்னால் மறைக்க முடியாது. என்னை எனக்குத் தெரியும். முதல் பூ விரிந்த நிமிஷமே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். அவளும் வந்துவிடுவாள்.

ஐஸ் இல்லாமல் செடி தூக்கத்தை மறந்துவிட்டது. கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகக் கிளை விட்டு, பச்சைப்பசேலென்று நிற்கிறது. அமாஜி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறார். வெயில் ஏறும் முன் நான் நாற்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்காருகிறேன், தமிழில் ஏதாவது பேசுகிறேன்.

போன ஞாயிறு மகள் போட்டோ அனுப்பினாள். விடுதி வாசலில் ஸான்சூயு பூத்திருக்கிறது, இலை இல்லாமல், முழு மஞ்சள். அவள் அதன் கீழே நின்றுகொண்டிருக்கிறாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். பிறகு கூப்பிட்டாள். புதுக் கிளைகளை எல்லாம் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"இவ்ளோ இலை இருக்கே, உதிரவே இல்லியேம்மா. ஐஸ் போடுறீங்கல்ல?"

"போடுறேன்டி" என்றேன். "தெனமும் போடுறேன்."